காது அடைப்பு என்று நினைத்து 11 நாளைத் தொலைத்தேன்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 47. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. காது, மூக்கு, தொண்டை என்று அதுவரை எந்த டாக்டரிடமும் போனதில்லை. ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் அதைக் குறும்பி என்றோ தண்ணீர் என்றோ நாமே முடிவு பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, அதில் ஒவ்வொரு நாளுக்கும் விலை இருக்கிறது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. எனக்கு வந்தது அடைப்பே இல்லை, திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மை. அதனால்தான் நடந்ததை நாள்வாரியாக எழுதுகிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ராமராயர் மண்டபத்துப் பக்கம் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்குள் நின்றிருந்தேன். தலையோடு நனைந்துதான் செல்லூருக்கு வீடு திரும்பினேன். மறுநாள் காலை எழுந்தபோது இடது காதில் பஞ்சு வைத்து அமுக்கியது மாதிரி இருந்தது. வலி கிடையாது, சீழ் கிடையாது. உள்ளே மட்டும் ஒரு 'நொய்ங்' சத்தம், பழைய டியூப் லைட் சோக் போடுகிற மாதிரி விடாமல் கேட்டது. நேற்றுப் புகுந்த தண்ணீர்தான் என்று உறுதியாக நம்பினேன். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தேன். பட்ஸ் விட்டுக் குடைந்தேன். கடைக்குப் போய் வழக்கம்போல் போனை இடது காதில் வைத்தால் (வலது கையால் எழுத வேண்டுமே) எதிரில் பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, உடைந்த தகரம் மாதிரி கேட்டது. வலது காதுக்கு மாற்றினேன், தெளிவாக இருந்தது. அந்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காதில் தண்ணீர் நின்றால் சத்தம் குறையும், மந்தமாகும். ஆனால் குரல் உடைந்து, சுருதி மாறிக் கேட்காது. சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உள்காதிலோ நரம்பிலோதான். இதை நான் தெரிந்துகொண்டது 11 நாள் கழித்து.

இரண்டாம் நாள் ராத்திரி என் மாமியார், "கொஞ்சம் பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விட்டாச் சரியாப் போகும் மாப்ள, எங்க காலத்துல இதுதான் வைத்தியம்" என்றார். அக்கறையோடு சொன்னார், நானும் தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். அவர் மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ஆனால் எண்ணெய் ஏன் கூடாது என்று இப்போது தெரியும். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும். சூடு கொஞ்சம் தப்பினால் காதுக்குழாய்த் தோல் வெந்துவிடும். நம் ஊர் வெக்கையில், வியர்வையும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் காதுக்குள் பூஞ்சை வளரும். அரிப்பு தாங்காது, உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கிழித்துப் போட்ட மாதிரி இருக்கும், சில நேரம் கறுப்புப் புள்ளியும் தெரியும். அதற்குக் காதைச் சுத்தம் செய்து, குளோட்ரிமசோல் சொட்டு மருந்தை 10 முதல் 14 நாள் விட்டு, காதை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தை நாமாக வாங்கி விட்டால் பூஞ்சை இன்னும் செழிக்கும். எனக்குப் பூஞ்சை வரவில்லை. ஆனால் எண்ணெய் விட்ட மறுநாள் காது இன்னும் மந்தமாகத் தெரிய, "எண்ணெயில குறும்பி ஊறிப்போச்சு, ரெண்டு நாள்ல வெளிய வந்துரும்" என்று எல்லோரும் சொல்ல, அந்த இரண்டு நாளும் போயிற்று.

மூன்றாம் நாள் மருந்துக்கடையில், "காது அடைச்சிருக்கு தம்பி" என்றதும் குறும்பி இளக்கும் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தார், 95 ரூபாய். நாளைக்கு மூன்று வேளை, நாலைந்து சொட்டு. நிஜமாகவே குறும்பி இருந்தால் அது நல்ல மருந்துதான். பக்கவாட்டில் படுத்து, சொட்டு விட்டு, 5 முதல் 10 நிமிடம் அப்படியே கிடந்தால் ஊறும். மூன்று முதல் ஐந்து நாளில் இளகும். அப்புறம் டாக்டர் தண்ணீர் பீய்ச்சியோ உறிஞ்சியோ எடுப்பார். அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். ஜில்லென்றோ சூடாகவோ அடித்தால் தலை கிறுகிறுவென்று சுற்றிவிடும், வாந்தி வரும். முன்பு காதில் சீழ் வடிந்தவர்கள், ஓட்டை உள்ளவர்கள், காதில் ஆபரேஷன் ஆனவர்கள் இந்தச் சொட்டையும் விடக்கூடாது, தண்ணீரும் பீய்ச்சக்கூடாது. பட்ஸ் என்பது குறும்பியை எடுப்பதைவிட உள்ளே தள்ளி இடிப்பதற்குத்தான் உதவும். குறும்பி காதுக்குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில்தான் சுரக்கிறது. செவிப்பறைப் பக்கத்தில் குறும்பி கிடந்தால் பெரும்பாலும் அதைத் தள்ளியது நாம்தான். இதெல்லாம் சரி, ஆனால் குறும்பி இருக்கிறதா என்று பார்க்காமலேயே குறும்பி மருந்து விடுவதில் என்ன அர்த்தம்? காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியான ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் மூன்று நாள் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சளி இறங்கி அடைச்சிருக்கு" என்று அலர்ஜி மாத்திரையும் மூக்குச் சொட்டும் ஆவியும் எழுதினார். இரண்டு நாள் கழித்தும் குறையவில்லை என்றதும் சைனஸுக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சைனஸ் சுத்தமாக இருந்தது. அந்தச் சளிக் கணக்கும் பொய்யான ஒன்றில்லை. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது, யூஸ்டேஷியன் குழாய். ஜலதோஷத்தில் அது வீங்கி மூடிக்கொண்டால் நடுக்காதில் காற்றழுத்தம் குறைந்து காது அடைக்கும். கொட்டாவி விட்டால், எச்சில் விழுங்கினால் 'டிக்'கென்று சத்தம் வரும், கொஞ்சம் விட்டு விட்டுத் திறக்கும். எனக்கு ஜலதோஷமும் இல்லை, அந்த 'டிக்'கும் இல்லை. இன்னொன்று: மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துகளை (ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று அட்டையில் இருக்கும்) 5 நாளுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும், அப்புறம் அந்த மருந்தை நிறுத்தவே முடியாது. பெரியவர்களுக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் நீர் கோத்து வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், அதைச் சளி என்று விடாமல் மூக்கின் வழியாகக் கேமரா விட்டு, மூக்குக்குப் பின்னால் கட்டி ஏதும் குழாயை அடைக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இதற்கிடையில் கடையில் ஒரு தப்பு நடந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து வியாபாரி ஒருவர் போனில் "பதினஞ்சு மூட்டை" என்றது எனக்கு "அம்பது" என்று விழுந்தது. பழக்கத்தில் போனை இடது காதுக்குக் கொண்டுபோயிருந்தேன். 35 மூட்டை உளுந்து ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. ஏற்றுக்கூலி, வாடகை எல்லாம் சேர்த்து 3,400 ரூபாயை என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி நானே முதலாளியிடம் சொன்னேன். அன்று சாயந்திரம் சிம்மக்கல்லில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் ஹாரன் அடித்தது. சத்தம் கேட்டது, எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. வலது பக்கம் திரும்பினேன், வண்டி இடது பக்கத்திலிருந்து முழங்கையை உரசிக்கொண்டு போனது. சத்தம் வரும் திசையை மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் அது வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் இருக்கும் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான். ஒரு காது போனால் திசையே போய்விடும். அன்று ராத்திரி நிஜமாகவே பயந்தேன். தூக்கம் வரவில்லை. அந்த நொய்ங் சத்தம் அமைதியில் இன்னும் பெரிதாகக் கேட்டது.

பத்தாம் நாள் எதிர்வீட்டில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் தங்கச்சி விஷயம் கேள்விப்பட்டு வந்து, "அண்ணே, வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு முனகுங்க. அந்தச் சத்தம் எந்தக் காதுல கூடக் கேக்குது?" என்றது. முனகினேன். வலது காதில்தான் கேட்டது. நல்ல காதில். அந்தத் தங்கச்சியின் முகம் மாறியது. "நாளைக்குக் காலைல முதல் வேலையா காது டாக்டரைப் பாத்துருங்கண்ணே. வேற எதுவும் பண்ணாதீங்க" என்றது.

அந்த முனகல் ஏன் அவ்வளவு சொல்கிறது என்பதை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். ஒரு விரலால் வலது காதை நன்றாக மூடிக்கொண்டு முனகுங்கள். சத்தம் மூடிய வலது காதுக்குத் தாவும். முனகல் எலும்பு வழியாகப் போய்ச் சேருகிறது. வெளிச்சத்தம் அடைபட்ட காதில், எலும்பு வழி வரும் சத்தம் தூக்கலாகக் கேட்கும். அப்படியானால் குறும்பியோ தண்ணீரோ சளியோ அடைத்திருந்தால் முனகல் அடைத்த காதில்தான் கூடக் கேட்க வேண்டும். நல்ல காதில் கேட்டால், அடைத்ததாகத் தோன்றும் காதின் உள்காதோ நரம்போ சத்தத்தை வாங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டர்கள் இதையே 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை நெற்றியில் வைத்துச் செய்கிறார்கள், வெபர் சோதனை என்று பெயர். முனகலை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம். அடைத்த காதில் கேட்டாலும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல காதில் கேட்டால் அன்றைக்கே போக வேண்டும்.

பதினோராம் நாள் காது டாக்டரிடம் போனேன். வயதான அம்மா. ஓட்டோஸ்கோப்பில் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "குறும்பி இல்லை, ஜவ்வு முத்து மாதிரி சுத்தமா இருக்கு" என்றார். அடுத்து ஃபோர்க்கைத் தன் முழங்கையில் தட்டி என் நெற்றி நடுவில் ஊன்றினார். குளிர்ந்த இரும்பு, அதன் அதிர்வு பல்வரை இறங்கியது. "எந்தப் பக்கம்?" வலது. மறுபடி தட்டி இடது காதுக்குப் பின் எலும்பில் வைத்தார், பிறகு காதோரம் காற்றில் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "என்னைக்கு ஆரம்பிச்சது, தேதி சொல்லுங்க" என்றார். சொன்னேன். "11 நாள் ஆச்சேப்பா" என்றார். திட்டவில்லை. அந்த 'ஆச்சேப்பா' இப்போதும் காதில் நிற்கிறது.

அன்றே ஆடியோகிராம். சத்தம் புகாத சின்ன அறை. சிவப்பு ஹெட்போன் வலது, நீலம் இடது. 'பீப்' லேசாகக் கேட்டாலும் பட்டனை அமுக்க வேண்டும். அப்புறம் காதுக்குப் பின் எலும்பில் ஒரு சின்ன அதிர்வுப் பெட்டியை மாட்டித் திரும்ப ஒரு தடவை. இடது காதைச் சோதிக்கும்போது வலது காதில் 'உஸ்' என்று மழை மாதிரி இரைச்சல் கொடுத்தார்கள். அது முக்கியம். கொடுக்காவிட்டால் சத்தம் மண்டை எலும்பு வழியாக நல்ல காதுக்குப் போய், கேட்காத காது கேட்பதாகத் தாளில் பதிவாகும். இந்த இரைச்சலுக்கு மாஸ்கிங் என்று பெயர்; ஒரு காதுக்காகச் சோதிக்கப் போகிறவர்கள் மாஸ்கிங் போட்டு எடுத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாளில் வலது காது சிவப்பு வட்டம், இடது நீலப் பெருக்கல் குறி. கோடு மேலே இருந்தால் நல்லது, கீழே இறங்க இறங்கச் செவி மந்தம். காதுக்குக் கேட்கிற மிகச் சின்னச் சத்தம் 25 டெசிபலுக்குள் இருந்தால் கவலையில்லை. என் வலது காது 15. இடது காது 500 ஹெர்ட்ஸ் சுருதியில் 60, 1000-இல் 70, 2000-இல் 75, சராசரி 68. காற்று வழிக் கோடும் எலும்பு வழிக் கோடும் சேர்ந்தே கீழே கிடந்தன. எலும்புக் கோடு மேலேயும் காற்றுக் கோடு கீழேயும் இருந்திருந்தால் அடைப்பு. இரண்டும் கீழே என்றால் நரம்புப் பக்கம். சொல்லைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் நூற்றுக்கு 40தான் சரியாகச் சொன்னேன்.

இதற்குத் திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மை என்று பெயர். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலாவது இறங்கினால் அந்தக் கணக்கில் வரும். பெரும்பாலும் ஒரு காதில், பெரும்பாலும் காலையில் எழும்போது தெரியும். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. வைரஸ், உள்காதுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய் அடைப்பு என்று சந்தேகங்கள் உண்டு. ஆக, அழகர் திருவிழாத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்து என்னை ஏமாற்றிவிட்டன. மூன்றில் ஒருவராவது மருந்தே இல்லாமல் ஓரளவு தேறுவதும் உண்டு. யார் தேறுவார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் எல்லோருக்கும் மருந்து. அந்த மருந்து ஸ்டீராய்டு. முதல் சில நாளில் கொடுத்தால் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் மாத்திரையின் பலன் வேகமாகக் குறையும், ஆறு வாரத்துக்கு மேல் எதிர்பார்ப்பதற்கு அதிகமில்லை. ஸ்டீராய்டும் உறுதியான மருந்து கிடையாது, டாக்டரே அதைச் சொன்னார். இருப்பதில் அதுதான் மேல். வைரஸ் மாத்திரை, ரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரை எல்லாம் வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டி சொல்கிறது. நரம்புச் சத்து மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் காத்திருந்தவர்களை அதே காத்திருப்பு அறையில் நான் பார்த்தேன்.

எனக்கு எழுதிய ஸ்டீராய்டு ப்ரெட்னிசலோன், உடம்பு எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், உச்சம் 60. எனக்கு 62 கிலோ, ஆகவே 60 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பின் மொத்தமாக ஒரே வேளை. ஒரு வாரம் முழு அளவு, அடுத்த ஒரு வாரம் படிப்படியாகக் குறைப்பு. வயிற்றுக்குப் பேன்டோப்ரசோல். சாயந்திரம் போட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும் என்பதால் காலையில். சர்க்கரைக்காரர்கள் கவனிக்க: காலையில் ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை ஏறுவது மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை. வெறும் வயிற்றில் பார்த்தால் 132 காட்டியது, மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290. வெறும் வயிற்றுக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்திருப்பேன். சர்க்கரை டாக்டரிடம் முதல் நாளே சொல்லி மாத்திரையைக் கூட்டிக்கொண்டேன், ஸ்டீராய்டு குறையக் குறைய அதையும் குறைத்தார். குறைக்காவிட்டால் தாழ்சர்க்கரை வந்துவிடும். ரத்த அழுத்தம், குடல்புண், கண் பிரஷர், காசநோய் இருந்தவர்கள் எல்லோரும் மருந்து எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். காது டாக்டர் பார்த்துச் சொல்லாமல் இந்த மாத்திரை இல்லை.

ஒரு வாரம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் 68 என்பது 58 ஆகியிருந்தது. போதாது என்று காதுக்குள் ஊசி. பெயரைக் கேட்டதும் கை நடுங்கியது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. வலது பக்கம் சாய்ந்து படுக்க வைத்து, செவிப்பறையில் மரத்துப்போகும் மருந்தை வைத்துப் பத்து நிமிடம் விட்டார்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக் குப்பியை நர்ஸ் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டிருந்தார். ஜில்லென்று போனால் தலை சுற்றும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெல்லிய நீள ஊசியால் செவிப்பறை வழியாக அரை மில்லி அளவுக்கு நடுக்காதில் விட்டார். சுருக்கென்று ஒரு குத்து, அப்புறம் காதுக்குள் தண்ணீர் நிறைவது மாதிரி. அதன்பிறகு அரை மணி நேரம் அதே சாய்வில் கிடக்க வேண்டும், பேசக்கூடாது, எச்சிலை விழுங்கக்கூடாது. விழுங்கும்போது யூஸ்டேஷியன் குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். வாயோரம் துணி வைத்து எச்சிலை வடிய விட்டேன். முதல் ஊசியில் இது தெரியாமல் இரண்டு தடவை விழுங்கி, தொண்டையில் கசப்பு இறங்கியது. அந்த மருந்தில் பாதி வீண். வாரம் இரண்டு என்று மொத்தம் 4 ஊசி. குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை மூடிக்கொண்டேன். ஊசி போட்ட துளை தானே மூடிக்கொள்ளும், அபூர்வமாகச் சிலருக்கு மூடாமல் இருக்கும் என்பதால் ஒரு மாதம் கழித்து ஒரு தடவை பார்க்கச் சொன்னார். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கு மாத்திரை இல்லாமல் முதலிலேயே இந்த ஊசியைப் போடுவதும் உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

எம்ஆர்ஐ ஒன்று கட்டாயம். காது நரம்பில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி நூற்றில் சிலருக்கு இப்படித் திடீர் மந்தமாகத்தான் முதலில் தெரியும். எழுதும்போதே உள்காது நரம்புப் பாதைக்கு என்று குறிப்பிட்டு எழுத வேண்டும், பொதுவான மூளை ஸ்கேனில் சின்னக் கட்டி தப்பிவிடலாம். எனக்குக் கட்டி இல்லை. சிடி ஸ்கேன் இதற்கு உதவாது. தலைசுற்றல் பற்றியும் ஒன்று: படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் சுற்றி நிற்பது வேறு, அது உள்காதுக் கல் நகர்ந்ததால் வருவது, தலையைச் சில நிலைகளில் திருப்பி டாக்டரே சரிசெய்துவிடுவார். காது போனதோடு சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றினால் காது டாக்டரிடம் அன்றைக்கே. அதோடு முகம் கோணல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடக்கும்போது தள்ளாட்டம் என்று எது இருந்தாலும் காது டாக்டரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அது பக்கவாதமாக இருக்கலாம்.

செலவுக் கணக்கு. முதல் 11 நாளில் சொட்டு மருந்து 95, கிளினிக் 600, மாத்திரைகள் 740, சிடி ஸ்கேன் 2,800, ஆக 4,235 ரூபாய். அதற்குப் பின் டாக்டர் ஃபீஸ் 2,500, ஆடியோகிராம் நாலு தடவைக்கு 2,800, மாத்திரைகள் 350, ஊசி நாலுக்கு 7,200, எம்ஆர்ஐ 8,500, ஆக 21,350. மொத்தம் 25,585. கடைக்குக் கட்டிய 3,400 தனி. கையில் பணம் இல்லையென்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். நம் பெரியாஸ்பத்திரியில், அரசு ராஜாஜி மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, காலை ஓபி சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். வரிசையில் நின்று சொல்லும்போது "காது வலி" என்றோ "காது அடைப்பு" என்றோ சொல்லாதீர்கள். "இந்தத் தேதியிலிருந்து ஒரு காது திடீரென்று கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லில்தான் அவசரம் இருக்கிறது. போகும்போது தொடங்கிய தேதி, நேரம், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, அண்மையில் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி போட்டிருந்தால் அதன் சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். சில மருந்துகள் உள்காதைக் கெடுக்கும்.

நாலாவது ஊசிக்குப் பிறகு சராசரி 40-க்கு வந்தது. 500 ஹெர்ட்ஸில் 30, 1000-இல் 40, 2000-இல் 50. 4000-இல் மட்டும் 70-லேயே நிற்கிறது. சொல் சோதனை 40-இலிருந்து 76 ஆனது. ஆறு மாதம் கழித்து எடுத்ததிலும் அதே கணக்கு. இனி இதற்கு மேல் தேறாது, இதுவே நிலை என்றார் டாக்டர். 'ஸ', 'த' மாதிரி மெல்லிய ஒலிகள் இடது பக்கம் விழுவதில்லை. நொய்ங் சத்தம் குறைந்திருக்கிறது, போகவில்லை. ராத்திரி மின்விசிறியை ஓட விட்டுப் படுத்தால் அதில் கலந்துவிடுகிறது. 24,000 ரூபாய்க்கு ஒரு காது மிஷின் வாங்கினேன், கூட்டத்தில் உதவுகிறது. காது முழுசாகப் போனவர்களுக்குச் சாதாரண மிஷின் பயன்படாது. அந்தப் பக்கச் சத்தத்தை நல்ல காதுக்குக் கடத்தும் கிராஸ் வகை மிஷின் கேட்க வேண்டும். ஒரு காது மட்டும் போனவருக்கு மாற்றுத்திறனாளி சான்று கிடைக்கும் என்று அலைய வேண்டாம். 2016 சட்டப்படி செவித்திறன் குறைபாடு என்பது இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் என்றுதான் இருக்கிறது.

வலது காதை இப்போது பொத்திப் பாதுகாக்கிறேன். வேட்டுச் சத்தமும் பெரிய ஸ்பீக்கரும் இருக்கும் இடத்தில் காதில் அடைப்பான் வைக்கிறேன், பட்ஸ் டப்பாவை வீட்டிலிருந்தே தூக்கிப் போட்டாயிற்று. கடையில் மேசையைத் திருப்பிப் போட்டு, சுவர் இடது பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதப் பழகிவிட்டேன். ஆர்டர் எடுக்கும்போது, "ஒண்ணு, அஞ்சு, பதினஞ்சு மூட்டைதானேண்ணே?" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, "ஆமா" என்று வந்த பிறகுதான் பேனாவைக் காகிதத்தில் வைக்கிறேன்.